மைக் செட் அரசுவின் இடது காது

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் எந்த ஊரில் இறங்கி ‘திருநாவுக்கரசு வீடு எது?’ என்று கேட்டாலும் தொண்ணூறுகளில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து விழித்திருப்பார்கள். ‘மைக் செட் அரசு’ என்றால் போதும், மூக்கொழுகுகிற பிள்ளைகூடக் கையைப் பிடித்து இழுத்துப்போய் வாசலில் விட்டிருக்கும். அவ்வளவு பெரிய பெயரை வைத்தது அவருடைய அப்பா. பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட மனிதர். மேடைப் பேச்சு என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு, எத்தனை மைலானாலும் நடந்து போய்க் கேட்பார். தன் பிள்ளையும் ஒருநாள் மைக் முன்னால் நின்று ஊர் கேட்கப் பேசுவான் என்ற ஆசையில் வைத்த பெயர். பிள்ளை மைக் முன்னால் நிற்கத்தான் செய்தார், பேசத்தான் இல்லை. பேசுகிறவர்களுக்கு மைக் கட்டிக் கொடுத்தார்.

பெயரைப் பற்றிச் சொல்லும்போதே அவர் மனைவி செங்கம்மாளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலேயே அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அவளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரேஷன் கார்டுக்கு எழுதப் போன இடத்தில் ‘வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?’ என்று கேட்டார்கள். வரிசையில் பின்னால் நின்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்து, ‘நீ சொல்லேன்’ என்றாள். அந்தப் பெண் மதுராந்தகத்துக்காரி, இவளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாள். கடைசியில் செங்கம்மாளின் தம்பி முனிசாமி ஓடிவந்து சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. வீட்டில் அவரை ‘யோவ்’ என்பாள். வெளியில் ‘எங்க மைக்கு’ என்பாள். அத்தோடு சரி.

கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ், சாவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அரசுவும் முனிசாமியும் வண்டி கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக், நான்கு குழாய் ஸ்பீக்கர். ஒவ்வொரு குழாயின் விளிம்பிலும் சிவப்புப் பெயிண்டில் ‘அரசு சவுண்ட் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும். குழாயைப் பனைமரத்தில் கட்டிப் பாட்டைப் போட்டதும் மற்றவர்கள் கீழே நின்றே காது கொடுத்துக் கேட்டுத் தலையாட்டிவிடுவார்கள். அரசு மறுபடி மரமேறி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது காதைக் குழாயின் வாய்க்குள் வைத்துக் கேட்பார். கரகரப்பு இருந்தால் அப்படித்தான் தெரியும் என்பார். நான்கு குழாய்க்கும் நான்கு தடவை. இருபது வருஷம் இப்படிச் செய்தால் காது என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற ஆள் இல்லை.

இன்னொரு விஷயத்தில் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மைக்கைப் பிடித்தவர் குழாய்க்கு நேரே போய் நின்றாலோ, மைக்கை வாயில் போட்டு மென்றாலோ, அது ‘கூய்’ என்று கூவும். அது கூவினால் பேசுகிறவர் மாப்பிள்ளையா, மாவட்டமா என்றெல்லாம் அரசு பார்க்க மாட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையேறி, ஆளின் முழங்கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கிவருவார். இதற்காக ஒரு வட்டச் செயலாளரிடம் கன்னத்தில் வாங்கியும் இருக்கிறார். வாங்கிக்கொண்டே மைக்கைச் சரியாக வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

அவருடைய இரைச்சல் இன்றுவரை போகவில்லை, இனிப் போகவும் போகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து கிடைத்துக் குணமாகிற கதை என்று நினைத்து யாரும் காத்திருக்க வேண்டாம்.

தொண்ணூற்றைந்தில் ஆடித் திருவிழாக்கள் முடிந்து வீட்டுக்கு வந்து மத்தியானம் பாயில் சாய்ந்தவருக்கு ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய கம்பியை இழுத்துப் பிடித்து யாரோ தேய்ப்பதுபோல, நிற்காமல்.

“ஆம்ப்ளிஃபயர ஆஃப் பண்ணலியா?” என்றார்.

“அது வண்டிய வுட்டே இன்னும் எறங்கல. இன்னாத்துக்குக் கேக்குற?” என்றாள் செங்கம்மாள்.

“சத்தம் கீது பாரு, உய்னு.”

“எனுக்கு ஒண்ணும் கேக்கலியே.”

அரசு நம்பவில்லை. தன் காதுக்குக் கேட்பது பெண்டாட்டிக்குக் கேட்காமல் போனால் குறை அவள் காதில்தான் என்று நினைத்தார். தொழில்காரருக்கு அந்தத் திமிர் இருக்கும்தானே. ஆம்ப்ளிஃபயரை இறக்கி, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். கரண்ட்டே போகாத பெட்டியில் இரைச்சலைத் தேடினார். பிறகு கூரையில் சுவர்க்கோழி கத்துகிறது என்று ஓட்டைப் பிரித்தார். பாதிக் கூரை வெளிச்சமான பிறகு செங்கம்மாள் அவரை உட்காரவைத்து, உள்ளங்கையால் அவருடைய இடது காதை அழுத்தி மூடினாள்.

“இப்ப கொறையுதா?”

குறையவில்லை. கூடியது. வெளியே இருக்கும் சத்தமென்றால் மூடினால் குறைய வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவள் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பயந்துபோனாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் தேடல்தான். பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டார்கள். வெற்றிலைச் சாறு விட்டார்கள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் காது குடைகிற ஆள் ஒருவன், உள்ளே கல் இருக்கிறது என்று சொல்லி மிளகு அளவில் ஒரு கல்லையும் எடுத்துக் காட்டினான். அரசு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். கல் வெளியே வந்தது, சத்தம் உள்ளேயே இருந்தது. திருப்போரூர் முருகனுக்கு மொட்டை போட்டார். பொத்தேரிப் பக்கம் சுகமளிக்கும் ஜெபக் கூட்டம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப்போனார். அங்கே மேடையில் மைக் கூவிக்கொண்டே இருந்தது. ஜெபிக்கிறவர் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து அரசு மேடையேறி அதைச் சரிசெய்துவிட்டு வந்தார். சுகம் மைக்குக்குக் கிடைத்தது.

பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மாதான் உள்ளதைச் சொன்னார். இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்துப் பார்த்தார், கருவி வைத்துப் பார்த்தார், எல்லாம் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நரம்பு அடிபட்டிருக்குங்க. அதுக்கு மருந்து கிடையாது. இனிமே அந்தக் குழாய் பக்கத்துல காதைக் கொண்டுபோகாதீங்க. சத்தத்தோட சண்டை போடாம இருக்கப் பழகிக்கணும்.”

“எவ்ளோ நாளிக்கிம்மா?” என்றார் அரசு.

டாக்டரம்மா கவையை எடுத்து டப்பாவில் வைத்து மூடினார். நல்ல மனுஷி, பொய் சொல்ல வரவில்லை அவருக்கு.

பழகிக்கொள்ளலாம்தான், தூக்கம் வந்தால். ஊர் அடங்க அடங்க அவர் காதுக்குள் ஊர் எழுந்தது. பகலில் ஆள் நடமாட்டம், வண்டி, நாய் என்று ஏதாவது அதை மூடிக்கொண்டிருக்கும். அமைதிதான் அவருக்கு விரோதி. அதைக் கண்டுபிடித்தவள் செங்கம்மாள். தகடு ஆடிச் சடசடக்கிற பழைய டேபிள் ஃபேனை வாங்கிவந்து தலைமாட்டில் வைத்தாள். அண்டாவில் தண்ணீர் சொட்டவிட்டாள். ரேடியோவில் எந்த ஸ்டேஷனும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, வருகிற ‘ஷ்’ஷை அவர் காதருகில் வைத்தாள். கொஞ்சம் கண் அயர்வார், கரண்ட் போகும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். செங்கல்பட்டிலிருந்து சென்னை பீச் ஸ்டேஷன் வரை போகிற மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்து, போகவும் வரவும் ஜன்னலோரம் தூங்கித் திரும்பினதும் உண்டு. பார்த்தவர்கள் ஆபீஸ் உத்தியோகம் என்று நினைத்திருப்பார்கள்.

தூக்கமில்லாத மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிவிடுகிறான். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர், தட்டு கீழே விழுந்தால் அடிக்கக் கை ஓங்கினார். ஒரே மகளை மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்த கல்யாணத்தில் மணமேடைப் பக்கமே வராமல் ஜெனரேட்டர் அருகில் போய் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் காலையில் வேலைக்குப் போன மனிதர் வேலைக்கு வரவில்லை என்று முனிசாமி வந்து சொன்னான். செங்கம்மாள் தேடிக்கொண்டு போனபோது கொளவாய் ஏரிக்கரையில், சட்டையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னாயா பண்றே இங்க?”

“பூட்டா நின்னுடும்ல?” என்றார். அவளிடம் சண்டை போடுகிற குரலில் இல்லை, வழி கேட்கிற குரலில் கேட்டார்.

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. சட்டையை எடுத்து உதறி அவருக்குப் போட்டுவிட்டாள், குழந்தைக்குப் போடுவதுபோல. அன்றிலிருந்து படுக்கும்போது தன் முந்தானை நுனியை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் படுத்தாள். அவர் புரண்டால் அவளும் விழித்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் தூக்கம் போயிற்று என்பதுதான் நடந்தது. ஆனால் ஆள் வீட்டில் இருந்தார்.

இரண்டாயிரத்தில் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் மைக் கட்ட ஆள் கேட்டார்கள். மாசிப் பௌர்ணமிக்கு இருளர் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வந்து மணலில் சேலையைக் கட்டி மறைப்புப் போட்டுத் தங்கி, விடிந்ததும் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அரசு போனார். சோற்றுக்கு வேறு வழி என்ன? கும்பிடு முடிந்து, நிச்சயதார்த்தம், காதுகுத்து எல்லாம் முடிந்து ஜனம் கலைந்தது. குழாயை இறக்கிவிட்டு, கொஞ்சம் காலை நீட்டலாம் என்று அலைக்குப் பக்கத்தில் மணலில் சாய்ந்தார்.

வெயில் முகத்தைச் சுட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. முனிசாமி பயந்து மூக்கில் கைவைத்துப் பார்த்தான். பிறகு பஸ் ஏறிப்போய் அக்காளைக் கூட்டிவந்தான். அவள் வந்து பார்த்தபோதும் மனிதர் வாயைத் திறந்துகொண்டு குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்தில் அவள் கேட்காத குறட்டை. முந்தானையால் அவர் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். கடலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். விடாமல் இரைந்துகொண்டிருந்த அந்தக் கடல்தான் அவரைத் தூங்கவைக்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

“அக்கா, எழுப்பட்டா?” என்றான் முனிசாமி.

“தொட்டே, கைய ஒடிப்பேன்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஓயவில்லை. யார் யாரையோ பிடித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்புக்குக் காவல் வேலை வாங்கினாள். தோப்புக்காரர் சென்னைவாசி. தோப்புக்கு நடுவில் ஓலைக் கொட்டகை ஒன்று, அதிலேயே இருந்துகொள்ளலாம். மைக் செட்டை அப்படியே முனிசாமியிடம் விட்டார்கள். விளிம்பில் எழுதியிருந்த பெயரை மட்டும் அவன் அழிக்கவில்லை. பெயர் மாறினால் ஊரில் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னான். மச்சான் பெயரை அழிக்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

இரவு முழுக்கத் தோப்பைச் சுற்றிவிட்டு, காலையில் அரசு கொட்டகையில் படுப்பார். நூறடியில் கடல். படுத்ததும் தூக்கம். நாலு வருஷம் அப்படிப் போயிற்று. உடம்பு தேறியது, கேலிப் பேச்சு திரும்பியது. முந்தானை முடிச்சு தேவைப்படவில்லை. இரைச்சல் அங்கேதான் இருந்தது. கடலுக்குக் கீழே எங்கோ கிடந்தது, தொந்தரவு செய்யவில்லை. செங்கம்மாள் சவுக்கு மிலாறு பொறுக்கி விறகுக்கு விற்றாள். அவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல விடிந்து வந்து படுத்திருந்தவரை அந்தச் சத்தம் எழுப்பியது. கம்பியைத் தேய்க்கிற அதே சத்தம், முன்பைவிடப் பெரிதாக, மண்டை முழுக்க. நாலு வருஷத்தில் ஒருநாளும் அது அவரை எழுப்பியதில்லை. எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நோய் முற்றிவிட்டது, கடலையும் மீறிவிட்டது, இனிப் போக இடமில்லை என்று நினைத்தார். கொளவாய் ஏரிக்கரை ஞாபகம் வந்தது. மூலையில் கிடந்த ரேடியோவை எடுத்துத் திருகி ‘ஷ்’ஷில் நிறுத்திக் காதோடு வைத்து அழுத்தினார். பேட்டரி தேய்ந்து அதுவும் முனகியது.

செங்கம்மாள் ஒயர் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

“யோவ், எழுந்து வந்து பாரேன். கடலு உள்ள பூட்ச்சி! பாறையெல்லாம் தெரியுது. ஜனம் இறங்கி மீனு பொறுக்கிகினு கீது.”

“கடலு எங்க பூட்டா எனுக்கு இன்னா? என் காது பூட்ச்சிடி! இந்தச் சனியனும் கேக்க மாட்டேங்குது, பேட்டரி கட்டையும் பூட்ச்சி. போ, என் மூஞ்சில முழிக்காத!”

அவள் ரேடியோவை ஒருதரம் பார்த்தாள். பிறகு கூடையோடு போய்விட்டாள்.

ரேடியோ முனகி முனகி நின்றது. அப்போது தூரத்தில் ஜனம் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு காக்கை கத்தியது. அந்தக் கொட்டகையில் நாலு வருஷமாகச் சிரிப்புச் சத்தம் அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டதே இல்லை. கடல் கேட்கவிடாது. அரசு அசையாமல் உட்கார்ந்தார். அன்றைக்கு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டபோது உள்ளே இருந்ததை வெளியே தேடினார். இன்றைக்கு வெளியே நடந்ததை உள்ளே தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காதில் சத்தம் ஏறவில்லை. கடல் நின்றுவிட்டது, அதனால் கேட்கிறது.

விழுந்தடித்து வெளியே ஓடினார். கடல் இருந்த இடத்தில் மணல். வெகுதூரம் வரை ஈர மணலும் கறுத்த பாறைகளும், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னதாக மனிதர்களும். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாது. அங்கே யாருக்குமே தெரியாது. சத்தமில்லாத கடலைப் பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பொறுக்கப் போனவர்களில் கூடை வைத்திருந்த பெண் ஒருத்தி அவளைப்போலத் தெரிந்தாள். “செங்கம்மா! தே, செங்கம்மா! திரும்பி வா!” என்று கத்திக்கொண்டு மணலில் இறங்கி ஓடினார்.

சத்தம் திரும்பி வந்தது. அவர் கேட்டறியாத சத்தம். தண்ணீர் எழுந்து நின்று நடந்து வந்தது. சவுக்கு மரத்தில் மோதியதும், எதையோ கட்டிப்பிடித்ததும், வாய் காது மூக்கெல்லாம் மணல் புகுந்ததும்தான் அவருக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் படுத்திருந்தார். லாரியில் அள்ளிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். தலையைச் சுற்றிக் கட்டு. யார் யாரோ குனிந்து என்னென்னவோ கேட்டார்கள். வாய் அசைவது தெரிந்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. நல்ல காதாக இருந்த வலது காதும் மணலில் அடைத்திருந்தது. உலகத்தில் மற்ற சத்தமெல்லாம் போய் அந்த ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. பெயர் கேட்டார்கள் போல. அவர் சொல்லவில்லை. யாருக்காகச் சொல்ல வேண்டும்? கூப்பிட வந்தவளை விரட்டியடித்தார். ‘மூஞ்சியில் முழிக்காதே’ என்றார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனாள். அவர் உட்கார்ந்து ரேடியோ கேட்டார். அதையே திரும்பத் திரும்ப நினைத்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கஞ்சி கொண்டுவந்து வைத்தார்கள், அது ஆறி ஏடு கட்டியது. அந்தச் சத்தம் இனி நிற்க வேண்டும் என்றுகூட அவர் ஆசைப்படவில்லை. இது தனக்கு வேண்டியதுதான் என்று கிடந்தார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு, காதுக்குள் புதிதாக ஒன்று கூவியது. ‘கூய்ய்’ என்று ஊசி குத்துவதுபோல. இன்னொன்றும் சேர்ந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அது நின்றது. மறுபடி கூவியது. மறுபடி நின்றது.

அரசு கண்ணைத் திறந்தார். அவர் காதில் இருக்கிற சத்தம் பத்து வருஷத்தில் ஒருமுறைகூட மூச்சு வாங்க நின்றதில்லை. இது விட்டுவிட்டு வருகிறது. நேற்று ஏமாந்ததுபோல இன்றைக்கும் ஏமாறக் கூடாது என்று, மெதுவாக உள்ளங்கையை எடுத்து வலது காதை மூடினார். கூவல் குறைந்தது. எடுத்தார், கூடியது. அப்படியானால் இது உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. எவனோ மைக்கை வாயில் போட்டு மெல்லுகிறான், குழாய்க்கு நேரே வேறு நிற்கிறான்.

முந்தின நாள் முழுக்கச் சோற்றுக்கு எழாத மனிதர் அதற்கு எழுந்தார். அந்தக் கோபம் அப்படிப்பட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, படுத்திருப்பவர்களைத் தாண்டித் தாண்டி வராந்தாவுக்கு வந்தார். முற்றத்தில் ஒரே ஜனம். அழுகிறவர்களும் கட்டுப் போட்டவர்களும் துணி மூட்டையோடு குந்தியிருப்பவர்களும். வராந்தாத் தூணில், அவசரத்தில் ஆளுயரத்திலேயே கட்டிவைத்த குழாய் ஒன்று இருந்தது. விளிம்பில் வெளிறிய சிவப்பு எழுத்து. அதைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய குழாய்தான்.

அக்காளும் தம்பியும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி முழுக்கத் தேடிவிட்டு இங்கே வந்ததும், காணாமல் போனவர்களைக் கூப்பிட முனிசாமி செட்டைக் கொண்டுவந்து கட்டியதும் அவருக்கு அப்போது தெரியாது. முனிசாமி விடிந்ததிலிருந்து அவர் பெயரையும் சேர்த்துத்தான் படித்துக்கொண்டிருந்தான். அடைத்துப்போன காதுக்கு அதெல்லாம் வெறும் முனகலாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவள், ‘நீ கூப்ட்டா அந்தாளு வரமாட்டாரு, குட்றா’ என்று மைக்கைப் பிடுங்கியிருந்தாள்.

அரசு குழாயின் வாய்க்குள் காதை வைத்தார். கரகரப்பு இருக்கிறதா என்று கேட்கிற அதே பழக்கத்தில், வலது காதை. டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்ன இடத்தில்.

ஒரு பெண் குரல். பழக்கமில்லாத பெரிய சொல் ஒன்றை நாக்கு தடுக்கித் தடுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தது.

“திருநா... திருநாவுக்கரசு. திருநாவுக்கரசு. எங்க கீறியோ எழுந்து வந்துடு. யோவ், நான் கடலுக்குப் போவலய்யா. ரோட்டு மேல கடைக்குதான் போனேன். பேட்டரி கட்ட வாங்கினு வந்துட்டேன்யா. திருநாவுக்கரசு...”

குழாய் கூவியது. அவர் காதை எடுக்கவில்லை. முகத்தைக் குழாய்க்குள் புதைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் வலி தாங்கவில்லை என்று நினைத்து அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார். கொடிமரத்து மேடையில், ஒரு கையில் மைக்கும் மறு கையில் ஒயர் கூடையுமாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு செங்கம்மாள் நின்றிருந்தாள். மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்து அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அரசு மேடையேறி அவள் முழங்கையைப் பிடித்தார்.

“மைக்கத் தள்ளிப் புடி செங்கம்மா. கூவுது பாரு.”